உள்ளான் கணக்கு

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வந்து போனதை அடுத்த நாட்களில், எண்ணூர்க் கழிமுகத்தில் கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்றுகொண்டிருந்தன. மணலியிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றில் இறங்கியிருந்தது. அலையாத்திச் செடிகளின் தண்டிலும் படகுகளின் விலாவிலும் பறவைகளின் மார்பிலும் அது ஒரே மாதிரி ஒட்டியிருந்தது. மீனவர்கள் அதைக் கையாலும் வாளியாலும் அள்ளினார்கள். எண்ணெய் படிந்த பறவைகளைப் பிடித்துக் கழுவ வனத்துறையினர் முயன்றார்கள். பத்திரிகைகளில் படம் வந்தது. சாம்பல் நிறப் பறவை ஒன்று, எந்தச் சாயலும் இல்லாத தார்ப்பொம்மையாக.

அன்றிரவு என் பறவைக் குறிப்பேட்டை எடுத்து, முந்தின வருஷத்தின் அதே வாரத்தைத் தேடினேன். எவ்வளவு போயிற்று என்று தெரிய வேண்டுமானால் எவ்வளவு இருந்தது என்று தெரிய வேண்டும் அல்லவா? தேதி இருந்தது. இடம் இருந்தது, ஆற்றுப் பாலத்துக்கு வடக்கே என்று. காலை ஏழு மணி, மேகமூட்டம், வாடை. அதற்குக் கீழே என் கையெழுத்தில்: 'கூழைக்கடா: நிறைய.'

நான் வங்கியில் குமாஸ்தா. பதினோரு வருஷமாகப் பிறர் பணத்தை எண்ணி, எழுதி, கூட்டி, மாலையில் இருப்போடு ஒத்துப்பார்க்கிறவன். ரொக்கப் பத்தியில் 'நிறைய' என்று எழுதினால் மறுநாள் எனக்கு அங்கே நாற்காலி இருக்காது. அதே கை, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு நீர்நிலையின் முன்னால் நின்றவுடன் அந்தச் சொல்லை எழுதிவிட்டிருக்கிறது. எழுதும்போது எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை என்பதுதான் உறுத்துகிறது. அழகாகக்கூடத் தோன்றியிருக்கலாம். இந்தச் சொல்லின் பூர்வோத்தரம் என்ன, அது எங்கிருந்து என் கைக்கு வந்தது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரை கிளம்பிற்று.

ஆங்கில இலக்கியம் பி.ஏ. படித்தேன். நைட்டிங்கேலும் ஸ்கைலார்க்கும் பாடமாக இருந்தன. இரண்டையும் இன்றுவரை பார்த்ததில்லை. அவற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி மதிப்பெண் வாங்கினேன். கல்லூரிக்குப் போக ஏறிய ரயிலின் ஜன்னலுக்கு வெளியே, அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளங்களில் நின்றவற்றுக்கு எனக்குப் பெயர் தெரியாது. எல்லாம் கொக்கு. நம் புதுக்கவிதையின் நிலைமையும் இதற்கு மிகவும் மேலானதல்ல. கடந்த ஐம்பது அறுபது வருஷமாக நம் சிற்றேடுகளில் பறந்த பறவைகளுக்கு அநேகமாக இனம் கிடையாது, நிறம் கிடையாது, கால் கிடையாது. கிளையில் அமர்வதும் அபூர்வம், ஏனெனில் உட்கார்ந்தால் மரத்துக்கும் ஒரு பெயர் வேண்டியிருக்கும். பிரமிளின் 'காவியம்' கவிதையில் வரும் இறகு எந்தப் பறவையுடையது என்று கேட்பது அசட்டுத்தனம். அந்தக் கவிதைக்கு அந்தக் கேள்வி வேண்டியதில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் அந்த இறகை எடுத்துச் செருகிக்கொண்டவர்களிடம் கேட்கலாம் என்று தோன்றுகிறது.

பழைய கவிகளிடம் இந்தக் குறை இல்லை. சத்திமுத்தப் புலவரின் நாரையை எடுத்துக்கொள்ளலாம். செங்கால் நாரை குளிர்காலத்தில் தெற்கே வந்து வடக்கே திரும்புகிற பறவை என்பதைப் பறவையியல் சொல்வதற்கு வெகுகாலம் முன்பே, அதன் போக்குவரத்துத் திசையை வைத்துத்தான் அந்தப் பாட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. அலகுக்கு அவர் தரும் உவமை நேரில் பார்த்தவன் மட்டுமே தரக்கூடியது. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் கபிலர் ஒரு குருகைச் சாட்சியாக நிறுத்துகிறார். களவு மணத்தின்போது அங்கே இருந்தது அது ஒன்றுதான். அதுவும் தன் இரைமேல் கண்ணாக இருந்தது. சாட்சி உண்டு, சாட்சியம் வராது என்ற அந்த அவஸ்தையை நாம் இரண்டாயிரம் வருஷமாக ரசித்துவருகிறோம். கால் எப்படி இருந்தது, எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதெல்லாம் பாட்டில் இருக்கின்றன. எந்த வருஷம், எத்தனை குருகு என்பது இல்லை. கவிதைக்கு அது தேவையும் இல்லை. நான் சொல்ல வருவது, அந்தக் கூர்மைக்குப் பக்கத்தில் கணக்கு என்ற இன்னொரு எழுத்து நம்மிடம் வளரவில்லை என்பதை. கோயில் நிலத்துக்கும் நெல்லுக்கும் விளக்கெரிக்க விட்ட ஆட்டுக்கும் கல்லில் கணக்கு வெட்டிய சமூகம் இது. பறவை யாருக்கும் சொத்தாக இல்லாததால் கல்வெட்டுக்கு வரவில்லை.

பருவத்தின் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பறவை நூல்கள் இலையுதிர் காலத்தில் வலசை தொடங்குகிறது என்று எழுதுகின்றன. வடசென்னையில் எந்த இலை எப்போது உதிர்ந்தது? நமக்குள்ள கணக்கு வேறு: ஆவணி, புரட்டாசி கார், ஐப்பசி, கார்த்திகை கூதிர், மார்கழி, தை முன்பனி. உள்ளான்களில் வயதானவை ஆடி முடிவதற்குள்ளேயே, வெயில் காயும்போதே, வந்துவிடுகின்றன. அந்த வருஷம் பொரித்த குஞ்சுகள் பின்னால், தாய் தகப்பன் துணையில்லாமல், வழி தெரிந்தாற்போல் வருகின்றன. வாத்துகள் மழை பெய்து நீர் நிரம்பிய பிறகே. தொல்காப்பியம் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்குக் கொடுத்துவிட்டது; நெய்தலுக்குச் சிறுபொழுது சொன்னதே தவிர தனியாகப் பெரும்பொழுது சொல்லவில்லை. கழிக்கரையில் ஐப்பசியில் நின்று பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பங்கீட்டில் ஒரு சிறு வழக்கு உண்டு.

தேதிக் குறிப்பு என்ற எழுத்து வகைக்கு உலகம் அறிந்த முன்மாதிரி, இங்கிலாந்தில் செல்போர்ன் என்ற கிராமத்துப் பாதிரி கில்பர்ட் ஒயிட். அவருடைய கடிதங்கள் 1789இல் நூலாக வந்தன. ஒரே கிராமம், ஒரே தோட்டம், ஆண்டுதோறும் தகைவிலான் வந்த நாள், போன நாள். அவை குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அவருக்குத் தெளிவாகவில்லை. சில எங்கோ பதுங்கித் தூங்கக்கூடும் என்ற எண்ணத்தை அவர் முழுக்க விடவே இல்லை. கொள்கை தவறு. ஆனால் அவர் எழுதிவைத்த தேதிகள் இன்றைக்கும் பயன்படுகின்றன. நம் விமர்சனத்தில் இதற்கு நேர்மாறான நிலவரம். கொள்கை எப்போதும் சரியாக இருக்கும்; எந்தப் பிரதியின் எந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னோம் என்பது மட்டும் இருக்காது.

சென்னையின் பறவைகளை எழுத்தில் முதலில் ஏற்றியவர் யார் என்றால், ஒரு பாதிரிகூட இல்லை, கோட்டை ஆஸ்பத்திரியின் வைத்தியர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் அறுவை வைத்தியராக இருந்த எட்வர்ட் பக்லி, இங்கே கண்ட பறவைகளின் படங்களையும் விவரங்களையும் லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பினார். ஜான் ரே எழுதி, அவர் 1705இல் இறந்த பிறகு 1713இல் வெளிவந்த பறவை நூலில் அவை 'மதராஸ் பறவைகள்' என்ற இணைப்பாகச் சேர்ந்தன. இருபதுக்குச் சற்று அதிகமான இனங்கள். இந்தியப் பறவைகள் பற்றி அச்சேறிய பட்டியல்களில் இதற்கு முந்தியதாக ஒன்றைச் சொல்வது கடினம். லத்தீனில், கொஞ்சம் கோணலான செப்புத்தகட்டுப் படங்களோடு. பக்லியின் ஜாபிதாவில் எது எப்போது வந்தது, எது எப்போதும் இருந்தது என்ற பேதம் கிடையாது. பறவை அவருக்கு மருந்துச் செடிபோல ஒரு மாதிரிப் பொருள். மாதிரிக்கு ஒன்று போதும். எத்தனை என்ற கேள்வியே எழாது.

நூற்றுச் சொச்சம் வருஷத்துக்குப் பிறகு வந்த டி.சி. ஜெர்டனும் வைத்தியர்தான், மதராஸ் ராணுவத்தில். தீபகற்பத்துப் பறவைகளின் பட்டியலை 1839 முதல் மதராஸ் இலக்கிய, அறிவியல் சஞ்சிகையில் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1840களில் சென்னையில் அச்சிட்ட அவருடைய பறவைப் படநூலுக்குச் சில படங்களை வரைந்தவர்கள் உள்ளூர் ஓவியர்கள். நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தபோது, நம் இருளர்களின் உறவு என்று சொல்லத்தக்க ஏனாதிகளிடமிருந்து பறவைகளின் உள்ளூர்ப் பெயர்களையும் நடமாட்டத்தையும் கேட்டு எழுதிக்கொண்டார். பழவேற்காட்டு ஏரியின் வடபகுதி இருப்பது அந்த நெல்லூர்ப் பக்கம்தான். அங்கே அவர் 1848 வாக்கில் கண்டறிந்த, இரவில் மட்டும் ஓடித் திரியும் ஒரு பறவை, 1900க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்ததென்று எழுதிவிட்டார்கள். 1986 ஜனவரியில் கடப்பைப் பக்கத்துப் புதர்க்காட்டில் உள்ளூர் ஆள் ஒருவர் இரவில் அதைக் கையால் பிடித்துக்கொண்டுவந்தார். எண்பத்தாறு வருஷம் விஞ்ஞானத்துக்கு அழிந்திருந்த ஒன்று, அந்தக் காட்டில் விறகு பொறுக்கியவர்களுக்கு அழிந்திருக்கவில்லை. அவர்களிடம் பெயர் இருந்தது, தேதி இல்லை. விஞ்ஞானத்திடம் தேதி இருந்தது.

எண்ணிக்கை வெள்ளைக்காரனின் எழுத்தில் வந்தது முதலில் துப்பாக்கி வழியாக. எண்ணூர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்களுக்கு விடுமுறை ஸ்தலம். பேசில் காக்ரேன் வெட்டத் தொடங்கிய கால்வாய் 1806இல் கோட்டைப் பட்டணத்தை எண்ணூரோடு இணைத்துவிட்டது. குளிர்காலத்தில் உள்ளான் சுடுவது மதராஸ் ராஜதானியில் ஒரு ஆட்டம். காலையில் புறப்பட்டு மாலையில் எத்தனை ஜோடி விழுந்தது என்று எழுதினார்கள். பறவையை எண்ணலாம் என்ற யோசனை செத்த பறவையிலிருந்து ஆரம்பித்தது. நம்மவர் பக்கத்தில் இதற்கு ஒரே ஒரு பதில் ஆவணமாக இருக்கிறது. வேடந்தாங்கல்காரர்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதை எதிர்த்து, 1790களின் கடைசியில், செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் உரிமைச் சீட்டு வாங்கினார்கள். எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுடைய நியாயம். உள்ளூர் ஜனங்கள் பறவைக்காகச் சர்க்காரிடம் காகிதம் வாங்கியது. அது கவிதையில் வரவில்லை, ஆனால் ஏரி இன்றும் இருக்கிறது. எண்ணூருக்கு அப்படி ஒரு காகிதத்தை யாரும் வாங்கி வைக்கவில்லை.

தமிழில் இதையெல்லாம் எழுத ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1950இலிருந்து 1996இல் இறக்கும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கைப் பத்தி எழுதினார், தமிழிலும் எழுதினார். ஒரு வாக்கியத்தில் ஒரு பறவையைக் காலும் கண்ணுமாக நிறுத்திவிடக்கூடிய உரைநடை. நம் விமர்சனக் கட்டுரைகளின் பெயர் வரிசைகளில் அவர் அநேகமாக வருவதில்லை. கதை எழுதாதவன் எழுத்தாளன் அல்ல என்ற சம்பிரதாயம் நம்மிடம் அத்தனை பலம். கோவையில் க. ரத்னம் தமிழ்நாட்டுப் பறவைகளுக்கு வழக்குப் பெயர்களைச் சேகரித்து நூல் செய்தார். 'கல்லும் மண்ணும்' நாவல் எழுதியவர் அவர். நாவலாசிரியன் ஒருவன் பெயர் திரட்டுவதில் வருஷங்களைச் செலவிட்டான் என்பதை நான் மரியாதையுடன் நினைக்கிறேன். கொசு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, பவளக்காலி, விராலடிப்பான், தகைவிலான். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டுமா 'பறவை' என்று எழுதுகிறோம்?

கண்ணில் கண்ட உயிருள்ள பறவையை எண்ணி, தேதியிட்டு, பொதுவில் வைப்பது நம் பட்டணத்தில் ஒரு பழக்கமாக ஊன்றியது 1978இல் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொஸைட்டி தொடங்கிய பிறகு என்று சொல்லலாம். உத்தியோகஸ்தர்கள், மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள். நம் சிற்றேட்டுக் கூட்டங்களைப் போலவே சிறு எண்ணிக்கை, சந்தா, பத்திரிகை. அவர்களுடைய சஞ்சிகையின் பெயர் 'பிளாக்பக்'. அடையாறு முகத்துவாரம் எப்படித் தேய்ந்தது என்பதை இன்று ஊகமாக அல்லாமல் சொல்ல முடிகிறதென்றால் அவர்களில் சிலர் வாரம் தவறாமல் அங்கே நின்றதால்தான். 1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆரம்பித்து ஆசியா முழுவதும் பரவிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரிதோறும் நடக்கிறது. கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1960களின் கடைசியிலிருந்து பறவைகளின் காலில் வளையமிட்டார்கள். ஒரு காலத்தில் அங்கே கூட்டங்கூட்டமாக இறங்கிய உள்ளான் வகைகள் எத்தனை பங்கு குறைந்தன என்று அவர்களால் சொல்ல முடிகிறது. இருபது இருபத்தைந்து கிராம் எடையுள்ள கொசு உள்ளான், சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுவிட்டு இங்கே வருகிறது. அங்கே ஒருவன் எண்ணி, இங்கே ஒருவன் எண்ணாவிட்டால் அதன் வாழ்க்கை பாதி ஏடு கிழிந்த புத்தகம்.

ஜனவரிக் கணக்கு ஒன்றே போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். தை மாதத்தில் பறவைகள் ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும், ஒன்றையே இரண்டு முறை எண்ணும் தவறு குறையும் என்பது நியாயம்தான். ஆனால் புரட்டாசியில் வந்து நாலு நாள் தங்கித் தின்றுவிட்டு இன்னும் தெற்கே, இலங்கைக்குப் போகிற கூட்டம் அந்தக் கணக்கில் விழாது. வருஷ முடிவில் மட்டும் இருப்புப் பார்க்கிற வங்கி எத்தனை நாள் நடக்கும்? நடுவில் வந்துபோன தொகைதான் வங்கியின் உயிர்.

இனி வள்ளூர். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூரைத் தாண்டினால் அத்திப்பட்டுப் புதுநகர். அதை அடுத்த நிலம் இது. கொசஸ்தலையாறு பூண்டியில் தேங்கி, தாமரைப்பாக்கத்தில் ஒருமுறை தடுக்கப்பட்டு, வள்ளூர் அணைக்கட்டில் கடைசி முறையாகத் தடுக்கப்படுகிறது. அணைக்கட்டுக்கு மேலே நல்ல தண்ணீரும் நெல்லும். கீழே ஆறு கடலோடு பேச ஆரம்பித்துவிடுகிறது: உப்பு, ஏற்றவற்றம், சேறு, அலையாத்தி. சில மைல் தூரத்தில் இரண்டு உலகம். அதனால்தான் இங்கே ஒரே காலை நடையில் வயல்வரப்பில் வாலாட்டிக் குருவியும், அணைத் தேக்கத்தில் ஊசிவால் வாத்தும், சேற்றில் மூக்கானும், ஆற்றின் மேலே ஆலாவும் பார்க்க முடிகிறது. வடக்கே பழவேற்காட்டின் பூநாரைகள் சில வருஷங்களில் இந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கும். பழவேற்காட்டின் தமிழ்நாட்டுப் பகுதி 1980இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் தெற்கு வாலாகத் தொடரும் இந்த நீருக்கு அப்படி ஒரு பெயர் வாய்க்கவில்லை. பறவைக்கு அந்த எல்லை எங்கே தெரியும் என்று எழுத வருகிறது; அது மலிவான வாக்கியம். எல்லை தெரிய வேண்டியது கலெக்டர் ஆபீஸுக்கு. அங்கே நன்றாகவே தெரிந்திருந்தது.

சரணாலயத்துக்குப் பதில் இங்கே வந்தவை: 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் (2017இல் மூடப்பட்டது), 1994க்கும் 1996க்கும் இடையில் அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், முக்கியமாக அதற்கு நிலக்கரி இறக்குவதற்காக 2001இல் திறந்த எண்ணூர்த் துறைமுகம், 2012 முதல் வள்ளூரில் தலா 500 மெகாவாட்டாக மூன்று அலகுகள். நிலக்கரி எரிந்தால் சாம்பல். அது தண்ணீரில் கரைந்து குழாயில் ஓட வேண்டும், குழாய் உடையும். செப்பாக்கத்துக்குப் பக்கத்தில் சாம்பல் ஏரி. ஆற்றின் படுகையில் சாம்பல் படிந்து, முழங்கால் ஆழத்துச் சேறு இருந்த இடத்தில் சிமென்ட் பூச்சுப்போல் ஒரு மேல்தோல். சேற்றுக்குள் அலகை விட்டு இரை எடுக்கிற பறவைக்கு இது என்ன என்று விளக்க வேண்டியதில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்: காய்ந்த சாம்பல்மேல் மஞ்சள் வாலாட்டிகள் நடக்கின்றன, அவற்றுக்கு ஈ கிடைத்தால் போதும். மூக்கான் அங்கே இறங்குவதில்லை. கூட்டம் மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போய்விடும். இந்த மின்சாரத்தில்தான் என் வீட்டு விளக்கும், இந்தப் பத்திரிகை அச்சாகும் இயந்திரமும் ஓடுகின்றன என்பதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

ஆற்றோரம் வலை உலர்த்தும் ஒருவர் என்னை நாலைந்து வருஷமாக வேடிக்கை பார்க்கிறார். ஒருநாள் கேட்டார்: "இன்னா சார், பேங்குல எண்றது பத்தலியா?"

"இது வேற கணக்குண்ணே. நீங்க சின்ன வயசுல இருக்கும்போது உள்ளான் எவ்வளவு வரும்?"

"நெறைய வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டினார். "அதோ அந்த டவர் நிக்குதே, அங்க ஒரு திட்டு இருந்துச்சு. வாடை திரும்பிச்சுன்னா அந்தத் திட்டுலேர்ந்து இந்தத் தொறை வரிக்கும் குந்திக்கினு இருக்கும். நடுவுல மண்ணு தெரியாது. எறா எறங்குற நேரம் அது. இது குந்தலைன்னா எறா இல்லைன்னு அர்த்தம், நாங்க வலை எடுக்க மாட்டோம்."

அவருடைய 'நெறைய'வும் என்னுடைய 'நிறைய'வும் ஒரே சொல் அல்ல என்று அப்போது உறைத்தது. அவர் சொன்னது அளவு. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, மண் தெரியாமல், இன்ன காற்றில், இன்ன இரைக்கு. நெல்லைக் குவியலாகப் பார்த்து இத்தனை மூட்டை என்று சொல்கிறவனின் அளவு. அதைச் சரிபார்க்கலாம், போன வருஷத்தோடு ஒப்பிடலாம், நம்பி வலை எடுக்கலாம். என் 'நிறைய' ஒரு மனோநிலை மட்டுமே. பறவையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஆனால் அவருடைய அளவுகோலுக்கு ஒரு விபத்து நேர்ந்துவிட்டது: திட்டு இல்லை. பறவை குறைந்ததைச் சொல்ல அவருக்கு இருந்த படி, பறவையோடு சேர்ந்து போய்விட்டது. சொல் மட்டும் மிஞ்சியிருக்கிறது, வெளியாளின் காதில் அது என்னுடையதைப் போலவே விழுகிறது. தீர்ப்பாயத்தின் முன்னால் போய் 'நெறைய வரும்' என்று அவர் சொன்னால் எழுதிக்கொள்வார்களா?

எழுதிவைத்ததையே இல்லை என்று சொல்கிற இடம் அது. 1996இல் மத்திய அரசின் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டப் படத்தில் எண்ணூர்க் கழிமுகம் ஏற்றவற்றமுள்ள நீர்நிலையாக, பாதுகாக்கப்பட வேண்டியதாக இருந்தது. பிறகு புழக்கத்தில் விடப்பட்ட ஒரு படத்தில் அந்த நீர்நிலையே காணோம் என்று 2017இல் மீனவர்களும் ஆர்வலர்களும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குற்றம்சாட்டினார்கள். படத்தில் இல்லாத ஆற்றில் சாம்பல் கொட்டினால் எங்கே கொட்டியதாக அர்த்தம்? 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கொட்டிய சாம்பலை அகற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆக ஆறு இருக்கிறது.

இதைவிடச் சூட்சுமமான இன்னொரு அழிப்பு, ஒரு நிபந்தனையின் வாசகத்தில் இருக்கிறது. ஆலைக்கு அனுமதி கேட்கிறவர் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தர வேண்டும். அதற்கு, மழைக்காலம் நீங்கலாக ஏதேனும் ஒரு பருவத்தின் தரவு போதும் என்பது பல திட்டங்களுக்கு வழக்கமான நிபந்தனை. காற்றின் தூசியை அளக்க மழை இடைஞ்சல் என்பதால் வந்த விதியாக இருக்கலாம். எங்கள் மழைக்காலம் ஐப்பசியும் கார்த்திகையும். அதாவது கூதிர். பறவைகள் இறங்குகிற அதே இரண்டு மாதத்தை நீக்கிவிட்டு, பங்குனியிலோ சித்திரையிலோ ஒருவர் வந்து பார்த்து, காகம், மைனா, கொக்கு என்று எழுதிக்கொடுத்தால், அவர் பொய் எழுதினார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் பார்த்தபோது அவைதான் இருந்தன. அந்த அறிக்கைக்கு மறுப்புச் சொல்ல ஒரே வழி, நீக்கிய மாதங்களில் யாராவது அங்கே நின்று, தேதியிட்டு, எண்ணி எழுதியிருப்பது. 'நிறைய' என்று எழுதியவன் அந்த இடத்தில் அறிக்கைக்காரருக்குத்தான் உதவி செய்கிறான்.

எண்ணுவது ரசனைக்கு விரோதம் என்று நண்பர் ஒருவர், நல்ல கவிஞர், என்னிடம் சொன்னார். எண்ணிக்கொண்டிருக்கிறவன் எப்படிப் பார்ப்பான் என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. உண்மையில் நேர்ந்தது வேறு. ஒரு கூட்டத்தை எண்ணும்போது ஒவ்வொன்றாகக் கண் தொட வேண்டியிருக்கிறது. அப்போதுதான் நூறு கொசு உள்ளானில் ஒன்றின் அலகு கீழ்நோக்கி வளைந்திருப்பது தெரிகிறது, அது கொசு உள்ளான் இல்லை என்பது தெரிகிறது, ஒன்று ஒற்றைக் காலில் தத்துவதும் அதன் மற்றக் காலில் நரம்பு நூல் சுற்றியிருப்பதும் தெரிகிறது. ரசித்துக்கொண்டிருந்த வருஷங்களில் இவை எதையும் நான் பார்த்திருக்கவில்லை.

2024 புரட்டாசியில் முதல் ஞாயிறு, அணைக்கட்டுக்குக் கீழே, இடக்கரை. காற்று இல்லை. தூரத்தில் புகைபோக்கிகள் மூன்றும் புகையில்லாமல் நின்றன, ஏனென்று தெரியாது. கூழைக்கடா 6, அதில் ஒன்று இளசு. பவளக்காலி 19. விராலடிப்பான் 1, உயர் அழுத்தக் கம்பத்தின்மேல், கையில் மீன். கொசு உள்ளான் 43. ஒரு நாய் ஓடிவந்ததில் கூட்டம் எழும்பி, சுற்றி, பழைய இடத்துக்கே இறங்கியது. திரும்ப எண்ணினேன், 41. வங்கியில் இதை இரவு எட்டு மணியானாலும் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். குறிப்பேட்டில் இரண்டு எண்களையும் எழுதினேன், நடுவில் நாய் வந்தது என்பதையும்.